கூடம் கோணலல்ல

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சிறு வயதில் அதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிறரைச் சுட்டி நானே பலமுறை சொல்லியுமிருக்கிறேன். ஆனால், அப்பழமொழி எனக்கும் பொருந்தும் என்பதை என் அறுபத்திரண்டாவது வயதில், இலண்டன் மாநகரின் ஒரு மூலையிலுள்ள சனசமூக மண்டபத்தில், தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றபோதுதான் உணர்ந்தேன். நான் கோணல் என்று பழித்தது ஒரு கூடத்தையன்று, ஒரு நடனத்தை. அதன் பெயர் சா சா சா.

யாழ்ப்பாணத்திற் பிறந்து, கணக்காளனாக இலண்டனிற் காலங் கழித்தவனுக்கும் சோடி நடனத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவக்கூடும். உறவை உண்டாக்கியவர் வைத்தியர். 2016 ஆம் ஆண்டு என் இரத்தத்திற் சர்க்கரை மிகுந்துவிட்டதென்று கண்டு, "நாள்தோறும் நடவுங்கள்" என்றார். இலண்டனின் மாரிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மழையும் குளிருமாக இருக்கையில் யார் நடப்பது? அப்போது என் மனைவி, நூல்நிலையத்திலே ஓர் அறிவித்தலைக் கண்டு வந்தாள். புதன்கிழமை தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் சோடி நடனம். முதல் அரைமணி நேரம் புதியவர்களுக்குப் பாடம். தேநீரும் பிஸ்கற்றும் இலவசம். "நடப்பதற்குப் பதிலாக ஆடலாமே" என்றாள். தேநீர் இலவசம் என்பதால் நானும் இணங்கினேன் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்.

இவ்வகைக் கூட்டங்களைப் பற்றி அறியாதார் பொருட்டு ஒரு வார்த்தை. இது மேடை நடனமன்று. பார்வையாளரும் பரிசும் இங்கே இல்லை. இளைப்பாறிய பேருந்துச் சாரதியும், தாதியும், தபாற்காரரும், பள்ளி ஆசிரியையும் தம் சப்பாத்தை மாற்றிக்கொண்டு வந்து, இறுவட்டில் ஒலிக்கும் சங்கீதத்துக்கு ஏற்ப ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்ந்து ஆடுவார்கள். வோல்ட்ஸ், பொக்ஸ்ட்ரொட், குயிக்ஸ்டெப், ரும்பா, ஜைவ் என ஒன்றன்பின் ஒன்றாக இசை மாறும். வேண்டியவர் எழுந்து ஆடுவார்; வேண்டாதவர் கதிரையில் இருப்பார்.

ஓராண்டுக்குள் வோல்ட்ஸ் எனக்கு ஓரளவு வசப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு, என் மனைவியை மண்டபத்தைச் சுற்றி அழைத்துச் செல்லப் பழகினேன். யார் காலையும் மிதியாமல் ஒரு சுற்று முடித்த அன்று எனக்கு வந்த பெருமிதம், உத்தியோகத்தில் உயர்வு கிடைத்தபோதும் வந்ததில்லை.

ஆனால், சா சா சா இசை தொடங்கினால் மண்டபத்தின் கோலமே மாறிவிடும். வோல்ட்ஸுக்கு நாற்பது பேர் நெருக்கியடித்து ஆடிய தரையில், ஆறேழு சோடிகள் மாத்திரமே எஞ்சுவார்கள். ஆண்களுக்குத் திடீரெனத் தாகம் எடுக்கும். ஒருவர் சப்பாத்து நாடாவைக் கட்டுவார். இன்னொருவர் வீட்டுக்குத் தொலைபேச வெளியே போவார். தேநீர் மேசையை முதலிற் சென்றடைபவன் எப்போதும் நானாகவே இருப்பேன். முதலாம் மாதத்தில் அந்நடனத்தின் பாடம் ஒன்று நடந்தபோது கால்கள் பின்னி, ஆசிரியையின் விரலை மிதித்து, எல்லாரும் திரும்பிப் பார்க்க நின்றவன் நான். அன்றே, "இது கூத்தாடிகளுக்கு ஏற்ற ஆட்டம், குடும்பஸ்தனுக்குப் பொருந்தாது" என்று தீர்ப்பெழுதி, வழக்கை முடித்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் அத்தீர்ப்பின்மேல் எவரும் மேன்முறையீடு செய்யவில்லை.

2019 ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை மாலை. வழக்கம்போல நான் தேநீர் மேசையடியில் நின்றேன். என் மனைவி கதிரையில் இருந்தாள். எண்பது வயதைக் கடந்த ஓர் ஆங்கிலேய முதியவர் அவளிடம் சென்று, தலை தாழ்த்தி, கையை நீட்டினார். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பின்பு எழுந்தாள்.

அவள் ஆடினாள். தட்டுத் தடுமாறியல்ல, தாளம் பிசகாமல், முகத்திலே ஒரு சிறு நகையோடு ஆடினாள். முப்பத்தைந்து ஆண்டுகள் என்னோடு வாழ்ந்த பெண்ணை முதன்முறையாகக் காண்பவன்போல நான் நின்றேன். கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது.

இசை முடிந்ததும் அம்முதியவர் அவளை அவளது கதிரையிற் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேநீர் மேசைக்கு வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்கள் மனைவியின் பாதங்கள் மூன்று வருடமாகக் கதிரையின் கீழே ஆடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஒருநாளும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது?

வீடு திரும்பும் பேருந்தில் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "நீர் இதை எப்போது பழகினீர்?" என்றேன்.

"பாத்திரம் கழுவும்போது" என்றாள். "கை வேலை செய்தால் கால் சும்மாதானே நிற்கிறது."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் எழும்பாதபோது நான் எப்படி எழும்புவது?"

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலவே சொன்னாள். என் கூச்சம் என் சொந்த விஷயம் என்று எண்ணியிருந்தேன். ஒருவன் வெட்கப்பட்டு ஒதுங்கினால் அவனோடு இன்னொருத்தியும் ஒதுங்க நேர்கிறது என்ற எளிய கணக்கு, கணக்கெழுதிப் பிழைத்த எனக்குத் தெரியாமற்போயிற்று. மூன்று வருடத்துப் புதன்கிழமைகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். தொகை பெரிதாக இருந்தது.

அடுத்த கிழமைகளில் நான் ஓர் ஆராய்ச்சியில் இறங்கினேன். தேநீர் மேசையடியில் என்னோடு ஒதுங்கி நிற்போர் ஒவ்வொருவரிடமும், "நீங்கள் ஏன் இதனை ஆடுவதில்லை?" என்று விசாரித்தேன். பெரும்பாலார் முதலிற் கூறியது, "மிக வேகம்" என்பதே. அதில் உண்மையில்லாமல் இல்லை. போட்டிகளுக்கு வகுத்துள்ள அளவின்படி சா சா சாவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 தாளவட்டங்கள் உண்டு. ஒரு வட்டத்துக்குத் தட்டு நான்கு. ஆனால், வைக்க வேண்டிய அடிகளோ ஐந்து. எனவே, நிமிடத்துக்கு 150 முறை உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற வேண்டும். வோல்ட்ஸில் அத்தொகை 90 ஐத் தாண்டாது. நான்கு தட்டில் ஐந்து அடி வைப்பதற்காக, ஒரு தட்டை இரண்டாகப் பிளந்து, கால் விநாடிக்கு ஓரடி வீதம் வைக்க நேர்கிறது. அந்தக் கால் விநாடியிலேதான் என் போன்றோரின் மானம் போய்விடுகிறது.

இரண்டாவது காரணத்தை ஒரு பொறியியலாளர் சொன்னார். "எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை" என்றார். வோல்ட்ஸில் முதல் தட்டு பலமாக ஒலிக்கும். அதிலேயே காலை வைக்கலாம். சா சா சாவை ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையில் முன்னடி விழுவது இரண்டாவது தட்டிலே. இரண்டில் ஒரு காலை முன் வைத்து, மூன்றில் பின்காலுக்குப் பாரத்தை மீட்டு, நான்கிலும் அதன் அரைத்தட்டிலும் அடுத்த ஒன்றிலுமாகப் பக்கவாட்டில் மூன்று சிற்றடிகள் வைக்க வேண்டும். அம்மூன்றே "சா சா சா". ஆகவே, இந்நடனத்தில் "ஒன்று" என்பது தொடக்கமன்று, முடிவு. பிறந்தது முதல் ஒன்றிலிருந்தே எண்ணிப் பழகிய மனம் இதற்கு எளிதில் இணங்காது. அவர் ஒன்றிலே தொடங்க, சோடியானவர் இரண்டிலே தொடங்க, இருவரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டு கதிரைக்குத் திரும்பிய கதையை அவர் நகைத்துக்கொண்டே கூறினார்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. அதைச் சொன்னவர் இளைப்பாறிய தாதி ஒருவர். வோல்ட்ஸில் ஆணும் பெண்ணும் நெருங்கிப் பிடித்திருப்பதால், ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கிக்கொள்ளலாம். அன்றியும், எல்லாச் சோடிகளும் மண்டபத்தைச் சுற்றி ஒரே திசையிற் போய்க்கொண்டிருப்பார்கள். பிழைவிட்ட இடத்தை விட்டு அடுத்த கணமே நகர்ந்துவிடலாம். சா சா சாவில் அவ்வாறில்லை. நின்ற இடத்திலேயே ஆட வேண்டும். சோடிகள் விலகி நிற்பர். ஒரு கையால் மட்டுமே தொட்டிருப்பர். சில வேளைகளில் அதுவும் இல்லை. பக்கவாட்டாகத் திரும்பி, கையை விரித்து, சபையை நோக்கி அடிவைக்கும் இடங்களும் உண்டு. "வோல்ட்ஸ் ஆற்றிலே போகும் ஓடம் மாதிரி, சா சா சா முச்சந்தியில் நிற்பது மாதிரி" என்றார் அந்த அம்மையார். ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

நான்காவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆண்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள், பெண்கள் நகைத்தார்கள். அது இடுப்பைப் பற்றியது. இந்நடனத்தில் இடுப்பு அசையும். ஒரு முழங்கால் மடிய மற்றது நிமிர, பாரம் மாறுந்தோறும் இடுப்பு தானாகவே ஒருபுறம் சாயும். அதனை வேண்டுமென்று குலுக்குவதாக எண்ணியே பலர் அஞ்சுகிறார்கள். வேட்டி கட்டிய பாட்டன்மாரின் வழிவந்த நான் அஞ்சினேன் என்றால் ஒருவாறு விளங்கும். ஆனால், அந்த ஆங்கிலேயச் சாரதியும் தபாற்காரரும் அதே அளவுக்கு அஞ்சினார்கள். கூச்சத்துக்குத் தேசம் இல்லை.

இனி, இந்நடனம் எங்கே எவ்வாறு பிறந்தது என்று தேடிப் படித்தேன். படித்தபோது திகைத்துப்போனேன். கியூபாத் தீவின் தலைநகராகிய ஹவானாவில் 1950 களின் தொடக்கத்தில் என்ரிக்கே ஹொரின் என்ற வயலின் கலைஞர் இருந்தார். 1926 ஆம் ஆண்டு பிறந்தவர். "ஒர்க்கெஸ்த்தா அமெரிக்கா" என்னும் இசைக்குழுவில் வாசித்து, அதற்குப் பாட்டும் அமைத்துவந்தார். 1879 ஆம் ஆண்டு முதலாக அந்நாட்டில் வழங்கிவந்த தன்சோன் என்ற நடன இசையும், அதிலிருந்து கிளைத்த மம்போவும் அக்காலத்தில் மண்டபங்களில் ஒலித்தன. மம்போவின் தாளம் நேரானதன்று. தட்டுக்கும் தட்டுக்கும் இடையிலே வந்து விழும். நடனமாட வந்தவர்களிற் பலர் அதைப் பிடிக்கமாட்டாமல் தடுமாறுவதை, மேடையிலிருந்தபடியே ஹொரின் கவனித்தார்.

அவ்வாறு தடுமாறுவோரைக் கண்டால் சங்கீத வித்துவான்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? "இவர்களுக்கு ஞானம் போதாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஹொரின் தம் பாட்டைத் திருத்தினார். மெட்டைத் தட்டின்மேலேயே விழும்படி நேராக்கினார். வேகத்தைத் தணித்தார். வாத்தியகாரர்கள் எல்லாரையும் ஒரே குரலாகப் பாடவைத்தார். புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, முரசு என்பவற்றோடு, பள்ளம் வெட்டிய காய்ந்த சுரைக்குடுக்கையைக் குச்சியால் உரசி ஒலியெழுப்பும் குவீரோ என்ற கருவியும் சேர்ந்தது. இவ்விசைக்கு ஆடியவர்கள் தம்மையறியாமலே மூன்று சிற்றடிகளைத் தரையில் உரசி வைத்தார்கள். அந்த உரசல் ஒலியே "சா, சா, சா" என்று கேட்டது, அதுவே பெயராயிற்று. இவ்வகையில் முதலாவதாகப் புகழ்பெற்ற பாட்டு "லா எங்கன்யதோரா"; "ஏமாற்றுக்காரி" என்பது பொருள். 1953 ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. ஹவானாவில் பிராதோ வீதியும் நெப்துனோ வீதியும் சந்திக்கும் மூலையால் நடந்து செல்லும் ஒரு பெண்ணை ஆடவரெல்லாரும் கண்கொட்டாமற் பார்ப்பதும், அவள் உடலழகு பஞ்சுத் திணிப்பால் வந்தது என்று பின்பு அறிவதுமே அப்பாட்டின் கதை.

வாசகர்களே, இதன் விசித்திரத்தைச் சிந்தித்துப் பாருங்கள். தடுமாறுகிறவர்களுக்காகவே, தடுமாறுகிறவர்களைப் பார்த்து, இரக்கங்கொண்டு ஒருவர் ஆக்கிய நடனம் இது. தேநீர் மேசையடியில் நிற்கும் என் போன்றவனை மனத்திற்கொண்டே அது பிறந்தது. அதற்கே நான் அஞ்சி ஓடினேன்! நோயாளிக்கென்று காய்ச்சிய கஞ்சியைக் கண்டு நோயாளியே பயந்த கதையாயிற்று.

அப்படியானால் எளியது கடியதாக மாறியது எங்ஙனம்? கியூபாவிலிருந்து அது பிற நாடுகளுக்குப் பரவியபோது ஏற்பட்ட மாற்றத்தை ஓரளவு ஊகிக்கலாம். இலண்டனில் நடனம் கற்பித்த மொன்சியூர் பியேர் என்பவர் கியூபாவுக்குச் சென்று, அங்கு ஆடப்பட்டதைக் கண்டு வந்து, 1950 களில் தம் துணையாசிரியை டொரிஸ் லவெலுடன் சேர்ந்து அதனை இங்கிலாந்திற் பரப்பினார். கற்பிப்பதற்கு இலக்கணம் வேண்டும். இலக்கணம் வந்தால் பரீட்சை வரும். பரீட்சை வந்தால் போட்டி வரும். முழங்கால் இவ்வளவு நிமிர வேண்டும், பாதம் இவ்வளவு திரும்ப வேண்டும் என்று விதிகள் பெருகின. போட்டிகளில் ஆடப்படும் ஐந்து இலத்தீன் அமெரிக்க நடனங்களுள் இதுவும் ஒன்றாயிற்று. இவற்றிற் பிழை ஒன்றும் இல்லை. விதிகளால் ஒரு கலை உயர்ந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால், பி. பி. சி. தொலைக்காட்சியில் 2004 ஆம் ஆண்டு தொடங்கிய நடனப் போட்டியை வீட்டிலிருந்து பார்ப்பவன், மின்னும் ஆடையணிந்து பம்பரமாகச் சுழல்வதுதான் சா சா சா என்று முடிவு கட்டிவிடுகிறான். ஹவானாவில் சாதாரண மக்கள் சாதாரணச் சப்பாத்தோடு தரையை உரசிய ஒலி அவன் காதில் விழுவதில்லை.

இங்கே எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. பன்னிரண்டு வயதில் எங்கள் ஊர் முருகன் கோவிலில் நான் காவடி எடுத்திருக்கிறேன். தவிலும் நாதசுரமும் முழங்க, வெறும் மேலோடு, ஊரெல்லாம் கூடிநிற்க, கொதிக்கும் மணலில் ஆடியிருக்கிறேன். இடுப்பு அசைந்திருக்கும், தோள் அசைந்திருக்கும். அன்று கூச்சம் என்பதே இல்லை. அன்று கூசாத கால் இன்று ஏன் கூசியது? எண்ணிப் பார்த்தபோது விடை கிடைத்தது. அன்று ஊரார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே என்னிடம் இருக்கவில்லை, பாரமெல்லாம் முருகன்மேல். இன்றோ ஆடும்போது நானே வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் உண்மையில் என்னை எவரும் கவனிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் காலையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை உணர்ந்ததும் உடனே ஆடத் தொடங்கினேன் என்று எழுதினால் அது கதையாகிவிடும். உணர்வது வேறு, எழுவது வேறு. மேலும் சில மாதங்கள் தேநீர் குடித்தேன். அதற்குள் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக இங்கிலாந்து முழுவதும் முடக்கப்பட்டது. மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது. நாங்கள் இருவரும் வீட்டுக்குள் அடைபட்டோம்.

ஒரு மாலை, சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளது பாதங்களைப் பார்த்தேன். அவை ஆடிக்கொண்டிருந்தன. "எனக்கும் சொல்லித் தாரும்" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

எங்கள் சமையலறை ஒடுங்கியது. அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் இரண்டு பேர் நிற்பதே சிரமம். அதுவே எனக்கு முதலாவது பாடமாயிற்று. மண்டபத்தில் நான் வோல்ட்ஸ் ஆடும் நீண்ட எட்டுகளையே வைத்திருந்தேன்; நீண்ட எட்டு வைத்தால் மறுகாலைக் கொண்டுவந்து சேர்க்க நேரம் போதாது. இங்கே நீண்ட எட்டு வைத்தால் முழங்கால் அடுப்பில் இடிக்கும். எனவே, பாதத்தின் நீளத்தினும் குறைவாக அடி வைத்தேன். வேகம் என்று நான் அஞ்சிய பூதம் பாதியாகக் குறைந்தது. இசை விரைந்ததன்று, என் அடிதான் நீண்டிருந்தது.

இரண்டாவது பாடம் தொடக்கத்தைப் பற்றியது. என் மனைவி பாடசாலைக் காலத்தில் வாய்ப்பாட்டுப் பயின்றவள். நான் ஒன்றிலே காலை வைத்துத் தவிப்பதைக் கண்டு, "இஞ்சேருங்கோ, இது சமத்தில் எடுக்கிற பாட்டு இல்லை, அனாகதத்தில் எடுக்கிறது என்று நினையுங்கோ" என்றாள். தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்குவது சம எடுப்பு. தாளம் முதலில் விழுந்து, பாட்டுச் சற்றுப் பொறுத்து எழுவது அனாகத எடுப்பு. நம் கீர்த்தனைகள் எத்தனையோ அவ்வாறு தொடங்குகின்றன. தொடையில் முதல் தட்டுத் தட்டிக்கொண்டு, வாயை மூடி ஒரு கணம் காத்திருக்கும் பாடகரை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பையே காலுக்குப் பழக்க வேண்டும் என்றாள். மூன்று வருடம் விளங்காதது மூன்று நிமிடத்தில் விளங்கிற்று. கியூபா நாட்டு நடனத்தின் வாசலை எனக்குத் திறந்தது கர்நாடக சங்கீதத்தின் திறவுகோல்.

மூன்றாவது பாடம் பாரத்தைப் பற்றியது. காலை நீட்டினாற் போதாது. அதன்மேல் உடம்பை முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றாமல் வைத்த அடி, பணம் போடாமல் எழுதிய காசோலை போன்றது. அடுத்த அடியில் திரும்பி வந்துவிடும். இவ்வாறு முழுப் பாரத்தையும் ஏற்றி இறக்கப் பழகிய சில கிழமைகளில், அடுப்புக்கு மேலிருந்த கண்ணாடியில் தற்செயலாக என்னைக் கண்டேன். இடுப்பு அசைந்துகொண்டிருந்தது. நான் அசைக்கவில்லை. அது தன் பாட்டில் தன் வேலையைச் செய்தது.

இங்கிலாந்தில் 2021 ஆம் ஆண்டு யூலை மாதம் கட்டுப்பாடுகள் நீங்க, மண்டபம் மீண்டும் திறக்கப்பட்டது. வந்தவர்கள் தொகை குறைந்திருந்தது. சில கதிரைகள் வெறுமையாக இருந்தன. அவற்றைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை. அந்த முதியவர் வந்திருந்தார். ஆனால், கையில் ஊன்றுகோல் இருந்தது. சுவரோரமாக அமர்ந்திருந்தார். சா சா சா தொடங்கிற்று. என் கால்கள் பழைய வழக்கத்தால் தேநீர் மேசையை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தன. பின்பு திரும்பி வந்து, என் மனைவியின்முன் நின்று, தலை தாழ்த்தி, கையை நீட்டினேன். அவள் இந்தமுறை யாரையும் திரும்பிப் பார்க்காமல் எழுந்தாள்.

நன்றாக ஆடினேன் என்று சொல்லமாட்டேன். இரண்டு இடத்தில் தாளம் தவறிற்று. ஒருமுறை அவள் இடப்புறமும் நான் வலப்புறமும் போய்விட்டோம். சிரித்துக்கொண்டே மீண்டும் சேர்ந்தோம். கூரை இடிந்து விழவில்லை. சுவரோரமிருந்த முதியவர் தமது ஊன்றுகோலைத் தரையில் மூன்று முறை தட்டினார். அது பாராட்டா, தாளமா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதனை வாசிக்கும் மாணவர்களிற் பெரும்பாலார் இந்நடனத்தை ஒருபோதும் ஆட நேராது. ஆயினும், உங்களுக்கும் ஒரு சா சா சா இருக்கும். வகுப்பிலே எழுந்து கேட்காத கேள்வியாகவோ, பேசக் கூசும் ஓர் அந்நிய மொழியாகவோ, பாடத் தெரிந்தும் பாடாத பாட்டாகவோ அஃது இருக்கலாம். அதனைக் கோணல் என்று சொல்லுமுன், அடியைச் சற்றுச் சிறிதாக வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கதிரையின் கீழே யாருடைய பாதங்கள் காத்திருக்கின்றன என்றும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அண்மையில் எங்கள் மண்டபத்துக்குப் புதிதாக ஒரு தம்பதியர் வந்தார்கள். சா சா சா இசை எழுந்தவுடன் கணவர் தேநீர் மேசைக்கு விரைந்தார். மனைவி கதிரையில் இருந்தாள். அவளது சப்பாத்தின் நுனி தரையை மெல்ல உரசிக்கொண்டிருந்தது. நான் அவரருகே சென்று, எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டு, "ஹவானாவில் ஒரு வயலின்காரர் இருந்தார், உங்களுக்காகவும் எனக்காகவும் ஒரு பாட்டுக் கட்டினார்" என்று சொல்லத் தொடங்கினேன்.